முகப்பை வரைந்த சட்டம்: சண்டிகர் பயணக் குறிப்புகள்

ஞாயிறு

புது தில்லியில் கிளம்பிய சதாப்தி அம்பாலாவைத் தாண்டும்வரை பெட்டியில் எங்கள் வகுப்பின் சத்தம்தான். கட்டடக்கலை வரலாறும் நகரத் திட்டமிடலும் சேர்ந்த முதுகலைப் படிப்பு எங்களுடையது. களப்பயணம் போகாமல் பட்டம் கிடைக்காது. இந்த முறை சண்டிகர் என்று அறிவிப்பு வந்தபோது பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இளநிலையில் ஐந்து ஆண்டுகளும் சண்டிகரை வரைந்த கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே எங்களைத் துரத்தியிருக்கிறார். ‘சண்டிகரின் நகர அமைப்பை விளக்குக’ என்ற கேள்விக்கு, அரசு வளாகம் தலை, 17ஆவது செக்டார் இதயம், பசுமைப் பள்ளத்தாக்கு நுரையீரல், சாலைகள் ரத்த நாளங்கள் என்று எழுதி மதிப்பெண் வாங்காத கட்டடக்கலை மாணவர் நாட்டில் அபூர்வம். மனப்பாடமான ஊரை நேரில் போய் வேறு பார்க்க வேண்டுமா?

பேராசிரியைக்கு இந்த முணுமுணுப்பு எட்டியிருந்தது. ரயிலிலேயே ஆளுக்கொரு தலைப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கோழிக்கோட்டுத் தோழிக்குக் கான்கிரீட் வார்த்த தொழிலாளர்கள். குவாஹாட்டிக்காரருக்கு மரங்கள். புனேக்காரிக்கு அரசு அலுவலக நாற்காலிகள். எனக்கு 1952ஆம் ஆண்டின் கட்டட விதிகள்.

“எனக்குக் கட்டடமே இல்லையா, மேடம்?”

“விதியைப் படி. கட்டடம் தானாக வரும்.”

கூடவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டளை: கட்டுரையில் ‘பிரம்மாண்டம்’, ‘மேதைமை’ போன்ற சொற்கள் தென்பட்டால் தாள் திருத்தப்படாமல் திரும்பும். எந்தக் கூற்றுக்கும் ஒரு வரைபடமோ கடிதமோ அரசாணையோ சாட்சிக்கு நிற்க வேண்டும். இளநிலைக்கும் முதுகலைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். அங்கே என்ன பாணி, எந்த ஆண்டு என்று கேட்டார்கள். இங்கே உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள்.

நிலையத்திலிருந்து ஆட்டோவில் வரும்போது ரவுண்டானா, மரங்கள், மறுபடியும் ரவுண்டானா. வீடோ கடையோ கண்ணில் படவில்லை. “ஊர் எப்போது வரும்?” என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “மேடம், ஊருக்குள் வந்து கால் மணி நேரம் ஆகிறது” என்றார் சிரித்துக்கொண்டே.

திங்கள்

இங்கே அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே நடை. 22ஆவது செக்டாருக்குப் போனோம். குடியிருப்பாக முதலில் எழுந்த செக்டார்களில் இது ஒன்று. கொர்புசியேவின் குழுவில் இருந்த கட்டடக்கலைஞர்கள் ஜேன் ட்ரூ, மாக்ஸ்வெல் ஃப்ரை, பியர் ஜன்னரே மூவரின் கைவண்ணமும் இங்கே இருக்கிறது.

ஒரு செக்டார் என்பது 800 மீட்டருக்கு 1,200 மீட்டர். சுற்றிலும் வேகமாகச் செல்லும் சாலை. அந்தச் சாலையில் எந்த வீட்டுக்கும் வாசல் வைக்க அனுமதி இல்லை. நேற்று ஆட்டோவில் எனக்கு ஊர் தென்படாததற்கு இதுதான் காரணம். வீடுகள் எல்லாம் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே நுழைந்தால் குறுக்காக ஒரு கடைத்தெரு. கொர்புசியே சாலைகளை ஏழு வகையாகப் பிரித்து வி1 முதல் வி7 வரை எண் கொடுத்தார். நெடுஞ்சாலை வி1, இந்தக் கடைத்தெரு வி4, வீட்டு வாசலுக்கு வரும் சந்து வி6, பசுமைக்குள் போகும் நடைபாதை வி7. சைக்கிளுக்கு வி8 பிறகு வந்து சேர்ந்தது. தேர்வில் எழுதியதெல்லாம் சரிதான். எழுதாதது, கிரண் சினிமாவைத் தாண்டியதும் வரும் கூட்டம். ஃப்ரை வடிவமைத்த அந்தத் திரையரங்கின் எதிரில் தள்ளுவண்டிகளும் சோளே பட்டூரே வாசனையும் ஸ்வெட்டர் பேரமும் சேர்ந்து, எந்த எண்ணுக்கும் அடங்காத ஒரு தெரு ஓடுகிறது.

மதியத்துக்கு மேல் என் வேலை தொடங்கியது. அரசு ஊழியர் குடியிருப்புகளை முதலில் 13 வகையாகத் திட்டமிட்டார்கள். எண் சிறியதாக இருந்தால் ஆள் பெரியவர். 13ஆவது வகை கடைநிலை ஊழியருக்கு. அந்தக் கடைசி வகையிலும் இரண்டு அறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா, முற்றம் கொடுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஒரு பியூனுக்கு அரசாங்கம் இப்படி வீடு கட்டியது சாதாரண விஷயம் இல்லை. மலிவாகக் கிடைத்த செங்கல்தான் சுவர், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியதுதான் ‘ஜாலி’ என்னும் காற்றோட்டத் திரை, மொட்டை மாடிதான் கோடைகாலப் படுக்கையறை.

அதை ஒட்டித் தனியார் வீடுகளின் வரிசை. மர்லா வீடுகள் என்கிறார்கள். மர்லா என்பது இங்குள்ள நில அளவு, 20 மர்லா சேர்ந்தால் ஒரு கனால். ஐந்து, பத்து மர்லா மனைகளில் ஒட்டி ஒட்டி எழுந்த வீடுகள். ஒவ்வொரு வீட்டின் இரு பக்கச் சுவரும் முகப்பைத் தாண்டி முன்னால் நீண்டு, மேலே ஒரு கிடைப்பட்டையில் சேர்ந்துகொள்கிறது. தெருமுனையில் நின்று பார்த்தால் ஒரே அளவிலான சட்டகங்கள் வரிசையாகத் தெரிகின்றன. சட்டகத்துக்குள் ஒருவர் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார், இன்னொருவர் பளிங்கு ஒட்டியிருக்கிறார். சட்டகம் மட்டும் அசையவில்லை. மனை வாங்கியவர்கள் வெவ்வேறு ஆண்டுகளில், கையில் பணம் வந்தபோது வந்தபோது கட்டுவார்கள். இருந்தும் தெரு முழுமையாகத் தோன்ற வேண்டும். அதற்காகத் திட்டக் குழு வகுத்த கட்டுப்பாடு இது. உயரம், பக்கச் சுவர், சுற்றுச்சுவர், வாயிற்கதவு, ஜன்னல் வரை தாளில் தீர்மானமாகியிருந்தது.

டேப்பைப் பிடித்து ஒரு சட்டகத்தின் தடிமனை அளந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். பஞ்சாப் அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் கொடுக்க வந்தவர்கள் என்று முதலில் நினைத்துவிட்டாராம். படிக்கிற பிள்ளைகள் என்றதும் தேநீர் வந்தது.

“அங்கிள் ஜி, இந்தச் சுவரை இடிக்கத் தோன்றியதே இல்லையா?”

“தோன்றும், மகளே. மே மாதம் வந்து பார். வெயில் நேராக ஜன்னலில் இறங்கும். நிழலுக்கு ஒரு தகரம் போட்டால் முகப்பு கெடுகிறது என்று காகிதம் வரும். ஆனால் ஒன்று. எதிர் வீட்டுக்காரன் என்னைவிட ஒரு மாடி உயர்த்திக் கட்டி என் வெளிச்சத்தை மறைக்க முடியாது. அந்தக் காகிதம் அவனுக்கும் போகும்.”

ஒரு கோப்பைத் தேநீருக்குள் என் கட்டுரையின் இரண்டு தரப்பையும் அவரே வாதாடி முடித்துவிட்டார்.

செவ்வாய்

19ஆவது செக்டாரில் லெ கொர்புசியே மையம். நகரத்தைக் கட்டிய கட்டடக்கலைஞர்களின் பழைய அலுவலகம் இது. உயர்ந்த கூடங்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். தாழ்வான, நீளமான, செங்கல்லும் மரமுமான ஒரு கொட்டகை. எனக்குப் பிடித்திருந்தது. இந்த நகரத்தின் முக்கால்வாசியும் இப்படிப்பட்ட மேசைகளில்தான் முடிவாகியிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. சிம்லாவில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த அரசு, சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் பார்த்தது. திட்டம் முதலில் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயருக்குப் போனது. உலகப்போரின்போது ராணுவப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தவர், பின்னர் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் கிராம மேம்பாட்டுத் திட்டம் நடத்தியவர். அவருடன் பணிபுரிந்த போலந்துக் கட்டடக்கலைஞர் மேத்யூ நோவிக்கி 1950 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் எகிப்தில் விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகுதான் பஞ்சாபின் அதிகாரி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் ஆள் தேடினார்கள். ஃப்ரையும் ட்ரூவும் மூன்று ஆண்டுக்கு வர ஒப்புக்கொண்டார்கள். கொர்புசியே ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவதாகச் சொன்னார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜன்னரே இங்கேயே தங்கினார்.

1951இன் தொடக்கத்தில் சிம்லா போகும் சாலையில் ஒரு விடுதியில் உட்கார்ந்து, மேயரின் வரைபடத்தை நான்கே நாளில் திருத்தி எழுதிவிட்டார்கள் என்பது பிரபலமான கதை. 10ஆவது செக்டாரின் நகர அருங்காட்சியகத்தில் அந்த இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மேயருடையது விசிறி வடிவம், சாலைகள் மெல்ல வளைகின்றன. கொர்புசியேவுடையது செவ்வகக் கட்டம். ஆனால் அரசு வளாகம் வடக்கு ஓரத்தில், வணிக மையம் நடுவில், பசுமைப் பட்டை ஊருக்குக் குறுக்காக, பள்ளியும் கடையும் உள்ளேயே அமைந்த தன்னிறைவான குடியிருப்புத் தொகுதி: இவை அத்தனையும் மேயரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ட்ரேசிங் தாளை மேலே வைத்துப் பார்த்த கோழிக்கோட்டுத் தோழி, “வளைவை நிமிர்த்தியவருக்கு ஊரே சொந்தமாகிவிட்டது” என்றாள். சற்றுக் கடுமையான தீர்ப்பு. கட்டத்தின் விகிதமும் சாலைகளின் படிநிலையும் கொர்புசியேவின் பங்கு, சிறிய பங்கு இல்லை. ஆனாலும் பாடநூல்கள் மேயருக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதில் நியாயம் இல்லை.

பாடநூல்களில் அதைவிடக் குறைவாக இடம் பெறுபவர் ஊர்மிளா யூலி சௌத்ரி. நாட்டின் தொடக்ககாலப் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர், பிரெஞ்சு அறிந்தவர். கொர்புசியேவுக்கும் இங்குள்ள அரசு இயந்திரத்துக்கும் நடுவில் நின்றவர், பின்னாளில் தலைமைக் கட்டடக்கலைஞர் பதவி வரை போனவர். ஆதித்ய பிரகாஷ், எம்.என். சர்மா என்று இன்னும் பலர் அந்தக் குழுவில் இருந்தார்கள். 1965இல் ஜன்னரே ஊருக்குத் திரும்பியபோது பொறுப்பை வாங்கிக்கொண்டவர் சர்மா. விதிகளின் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்று கேட்டால் விரல் நீட்ட முடியாது. குழுவாக உட்கார்ந்து எழுதியவை. இதனால்தான் வரலாற்றாசிரியர்கள் கட்டடங்களை விரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்கு ஒரு கையெழுத்து கிடைத்துவிடுகிறது.

மாலையில் அரசு அருங்காட்சியகத்தில் காந்தாரச் சிற்பங்கள். லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை 1948இல் பாகிஸ்தானுக்கு 60, இந்தியாவுக்கு 40 என்ற விகிதத்தில் பங்கு போட்டார்கள். அந்த 40 இங்கே இருக்கிறது. புத்தர் முகங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம், என் தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாததால் நிறுத்திக்கொள்கிறேன்.

புதன்

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் நிற்கும் கேபிடல் வளாகத்துக்குத் தனியாகப் போக முடியாது. அடையாள அட்டையைக் காட்டி, பதிந்து, வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக வேண்டும். 1995இல் பஞ்சாப் முதலமைச்சர் பியாந்த் சிங் தலைமைச் செயலக வாசலில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தின் காவல் ஏற்பாடுகள் இன்றும் கண்ணில் படுகின்றன. உயர் நீதிமன்றத்திலிருந்து சட்டமன்றம் வரை தடையின்றி நடப்பதற்காக விரித்த கான்கிரீட் வெளியில் இன்று வேலி நிற்கிறது.

2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். ஏழு நாடுகளில் உள்ள 17 கொர்புசியே படைப்புகளில் ஒன்றாக இது சேர்ந்தது. எல்லோரும் எழுதியாயிற்று, நான் வேகமாகக் கடக்கிறேன். ‘திறந்த கை’ சிற்பம் 26 மீட்டர் உயரத்தில் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 1985இல்தான் நிறுவப்பட்டது, வரைந்தவர் இறந்து 20 ஆண்டுக்குப் பிறகு. எனக்கு அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. 254 மீட்டர் நீளத் தலைமைச் செயலகம், மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தின் வடிவில் எழும்பும் சட்டமன்றக் கூடம் இரண்டும் படத்தில் பார்த்ததைவிடக் கனமாக இருந்தன. சட்டமன்றத்தில் எனக்கு ஒரு தகவல் புதிது: மேலவைக்கென்று கட்டிய சிறிய அவையில்தான் ஹரியாணா சட்டமன்றம் கூடுகிறது. 1966இல் மாநிலம் பிரிந்தபோது ஒரு மாநிலத்துக்குக் கட்டிய வீட்டை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டன.

நின்று பார்த்தது கான்கிரீட்டின் தோலை. வார்ப்புப் பலகையின் மர ரேகை, பலகைக்குப் பலகை மாறும் நிறம், ஆணியின் புள்ளி, இரண்டு பலகைகள் சரியாகச் சேராத இடத்தில் பிதுங்கி இறுகிய ஒரு விளிம்பு. கையை வைத்தால் ஒரு தச்சரின் ஒரு நாள் வேலை தெரிகிறது. தலையில் சட்டி சுமந்து சாரத்தில் ஏறிய பெண்களின் படங்களை நேற்று பார்த்திருந்தேன். இதே சமயத்தில் நம் பக்கத்து நினைவு ஒன்றும் வந்தது. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டும் குழுவும் பூசாத கான்கிரீட்டை இதற்குப் பத்தாண்டுக்கு முன்பே வார்த்துக் காட்டியிருக்கிறார்கள். இழைத்த மரம்போல் வழவழப்பான வேலை. இந்தியாவில் கான்கிரீட்டின் கதையைச் சண்டிகரிலிருந்து தொடங்குகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வரலாம்.

உயர் நீதிமன்றத்தில் வழிகாட்டி பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களைக் காட்டி எல்லோரையும் படம் எடுக்கச் சொன்னார். எங்கள் பேராசிரியை எங்களைப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். நீதிமன்ற அறைகளுக்கு முன்னால் ஓடும் நீண்ட வராந்தா முதல் வரைபடத்தில் கிடையாது. கட்டி முடித்துப் புழங்கத் தொடங்கிய பிறகுதான், வெயிலிலும் மழையிலும் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நிற்க இடம் இல்லை என்று புகார் எழுந்தது. கொர்புசியேவே வராந்தாவைச் சேர்த்துக் கொடுத்தார். 22ஆவது செக்டாரில் வெயிலுக்குத் தகரம் போட முடியாத அங்கிள் ஜியை நினைத்துக்கொண்டேன். இங்கே நீதிபதிகள் கேட்டார்கள், முகப்பு மாறியது.

வியாழன்

45ஆவது செக்டார். வரைபடத்தில் எல்லாச் செக்டாரையும்போல ஒரு செவ்வகம். நடுவில் மட்டும் ஒழுங்கற்ற ஒரு கறை. அதுதான் புரைல், நகரத்துக்கு முன்பிருந்தே இருக்கும் கிராமம்.

தலைநகருக்கு நிலம் எடுத்தபோது முதல் கட்டத்தில் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. தெற்கே நகரம் வளர்ந்தபோது வயலை எடுத்துக்கொண்டு, வீடுகள் இருந்த பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். புரைல், அட்டாவா, புட்டேர்லா என்று அப்படி நின்றுபோன கிராமங்கள் பல. வருவாய்த் துறை வரைபடத்தில் கிராமக் குடியிருப்பைச் சுற்றி இழுக்கும் சிவப்புக் கோட்டுக்கு லால் டோரா என்று பெயர். கோட்டுக்கு வெளியே ஜன்னல் அளவுக்குக்கூட விதி இருந்தது. கோட்டுக்கு உள்ளே நெடுங்காலம் எந்தக் கட்டட விதியும் எட்டிப் பார்க்கவில்லை.

விளைவைக் கால் உணர்கிறது. அகன்ற சாலை, புல்வெளி, வரிசை மரம், பிறகு ஒரு திருப்பம், அவ்வளவுதான், சந்துக்குள் இருக்கிறோம். என் டேப்பில் ஓர் இடத்தில் 1.9 மீட்டர். மேலே போகப் போக ஒவ்வொரு மாடியும் ஒரு முழம் முன்னால் வந்து, நான்காவது மாடியில் எதிரெதிர் பால்கனிகள் கைகுலுக்கும் தூரத்தில் நிற்கின்றன. மின்கம்பிகள் கட்டுக்கட்டாகத் தலைக்கு மேல். பழைய கோட்டைச் சுவரின் மிச்சத்தில் ஒரு தையல்கடை. நகைக்கடை, கைபேசி பழுது பார்க்கும் கடை, மாடியில் வாடகை அறைகள். குடியிருப்பவர்களில் நிறையப் பேர் உத்தரப் பிரதேசம், பிகாரிலிருந்து வந்தவர்கள். பகலில் செக்டார் வீடுகளில் வேலை, இரவில் இங்கே படுக்கை. செக்டாருக்குள் அவர்களுக்கு வாடகைக்கு இடம் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுபடியாகாது.

எங்களுடன் வந்த குவாஹாட்டிக்காரர் பரவசமாகிவிட்டார். “இதுதான் உயிருள்ள நகரம். செக்டார் வெறும் வரைபடம்” என்றார். இந்தப் பேச்சை நான் பல மாநாட்டு அரங்குகளில் கேட்டுச் சலித்திருக்கிறேன். அதே சந்தில், வெளிச்சமே வராத தரைத்தள அறையில் ஒரு பெண் பகல் பதினொரு மணிக்குக் குழல்விளக்கு போட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டால் உயிருள்ள நகரத்தைப் பற்றி அவளும் ஒன்றிரண்டு சொல்வாள். தீ பிடித்தால் வண்டி உள்ளே வர வழியில்லை. இது கிராமத்தார் ரசித்துத் தேர்ந்துகொண்ட வடிவம் இல்லை. வயல் போனது, நகரம் சுற்றி வளைத்தது, மிஞ்சிய துண்டு நிலத்தில் வருமானம் வாடகையாகத்தான் வர முடியும், வாடகை மேல்நோக்கித்தான் வளர முடியும்.

விடுதிக்குத் திரும்பி 1952ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்று தலைநகர் மேம்பாட்டு, ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு முகப்பின் கட்டடக்கலை அம்சங்கள், சுவர், வேலி, செடிவேலியின் உயரம் வரை உத்தரவு போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. மற்றொன்று சுற்றுவட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம். நகரத்தைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குக் கட்டடம் எழும்பக் கூடாது என்றது, 1962இல் அது பத்து மைலானது. சில ஆண்டுகளில் மாநிலம் பிரிந்தது. பஞ்சாபின் மொஹாலியும் ஹரியாணாவின் பஞ்ச்குலாவும் அதே வட்டத்துக்குள் அரசுகளின் கையாலேயே எழுந்தன. விவசாயி கட்டினால் ஆக்கிரமிப்பு, அரசு கட்டினால் நகர விரிவாக்கம்.

வெள்ளி

காலையில் ராக் கார்டன். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 வாக்கில் தொடங்கி, அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த பீங்கான், வளையல், சுவிட்ச் எல்லாவற்றையும் கொண்டு ஒரு ராஜ்ஜியம் கட்டினார். கண்டுபிடித்தபோது இடிக்கத்தான் பேச்சு எழுந்தது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், அவருக்கே சம்பளம் கொடுத்துத் தொடரச் சொன்னார்கள். அந்தப் பீங்கானில் ஒரு பகுதி, நகரம் கட்ட இடித்த கிராமங்களின் இடிபாடுகளிலிருந்து வந்தது. கூட்டம் தாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் வரிசைக்கு வழிவிட்டே பாதி நேரம் போனது.

இரவு விடுதியின் சாப்பாட்டு அறையில் கருத்தரங்கம். என் முறை வந்ததும் நகரத்தின் வரைபடத்தில் விதிகளுக்கு வண்ணம் தீட்டியதை விரித்தேன். வடக்கே கேபிடல் வளாகம், வடிவமைத்தவருக்குக் கிட்டத்தட்ட முழுச் சுதந்திரம். அதன் கீழே அமைச்சர்கள், நீதிபதிகள், செல்வந்தர்களின் கனால் வீடுகள். மனையில் எங்கே கட்டலாம், எவ்வளவு உயரம் என்ற வரம்போடு சரி, முகப்பு உரிமையாளரின் விருப்பம். தெற்கே போகப் போக மனை சிறுக்கிறது, மக்கள்தொகை நெருங்குகிறது, விதி நீளுகிறது. ஐந்து மர்லாக்காரருக்கு வாயிற்கதவின் வடிவம்வரை ஆணை. கடைசியில் சிவப்புக் கோடு, அதற்குள் வெறுமை. மனையின் பரப்பும் விதியின் நீளமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதுதான் என் வாதம்.

புனேக்காரி விடவில்லை. “சிறிய மனைகள் ஒட்டியிருக்கின்றன. ஒருவர் செய்வது அடுத்தவரைப் பாதிக்கும். விதி அதிகமாக இருப்பதில் என்ன வர்க்கம் வந்தது?” நல்ல கேள்வி. அங்கிள் ஜியின் வெளிச்சத்தைச் சொன்னேன். அவள் தரப்புக்குத்தான் அது வலுச் சேர்த்தது. ஆனால் வெளிச்சத்துக்கு உயர வரம்பு போதும், வாயிற்கதவின் வடிவம் எதற்கு? தெருவின் அழகு யாருடைய செலவில் காப்பாற்றப்பட்டது என்பது என் கேள்வி. 

பேச்சு 2023 ஜனவரித் தீர்ப்புக்குத் தாவியது. முதல் கட்டத்தின் 1 முதல் 30 வரையிலான செக்டார்களில் தனி வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து அடுக்ககமாக மாற்றுவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. பாரம்பரியம் காக்கப்பட்டது என்று நாளிதழ்கள் எழுதின. கோழிக்கோட்டுத் தோழிக்கு முழு உடன்பாடு. எனக்குப் பாதிதான். ஒன்றரை லட்சம் பேருக்கு என்று வரைந்த முதல் கட்டம், ஐந்து லட்சம் பேருக்கு என்று கணக்கிட்ட நகரம், 2011 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வடக்கின் புல்வெளிகளைத் தொடாமல் விட்டால் வந்து சேர்கிறவர்கள் புரைலின் ஐந்தாவது மாடியில்தான் ஏறுவார்கள். “ஆதாரம்?” என்றார் பேராசிரியை. வாடகை, குடிபெயர்வுக் கணக்கு இல்லாமல் இது ஊகம் என்று தாளில் எழுதித் தள்ளினார். அந்த வரியை இப்போதைக்கு எடுத்துவிட்டேன்.

சனி

ரயிலுக்கு முன்னால் 17ஆவது செக்டார். வாகனம் நுழையாத சதுக்கம், ஒரே தூண் வரிசை, ஒரே நான்கு மாடி. நீலம் சினிமாவின் முன் புறாக்களும் பலூன்காரரும். கடைக்காரர் ஒருவர் கூட்டமெல்லாம் மாலுக்குப் போய்விட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். தன் பெயர்ப் பலகையைக்கூட இஷ்டப்படி பெரிதாக வைக்க முடியாது என்றபோது கைகுலுக்கத் தோன்றியது. நடைபாதையில் ஒரு பாதாளச் சாக்கடை மூடியை மண்டியிட்டுப் பார்த்தோம். வார்ப்பிரும்பில் நகரத்தின் வரைபடமே புடைப்பாக இருக்கிறது. சாலைகள், செக்டார்கள், ஏரி எல்லாம் உள்ளங்கையில் தட்டுப்படுகின்றன. இவற்றில் சில திருடு போய் வெளிநாட்டு ஏலத்தில் விற்றிருக்கின்றன.

பிறகு பஞ்சாப் பல்கலைக்கழகம். ஜன்னரேயின் காந்தி பவனைப் பார்த்துவிட்டு, புனேக்காரியின் நாற்காலி வேட்டைக்குத் துணை போனோம். தேக்கும் பிரம்பும், தலைகீழ் ‘வி’ போன்ற கால்கள். நகரத்தின் அலுவலகங்களுக்காக ஜன்னரேயின் குழு ஆயிரக்கணக்கில் செய்ய வைத்தவை. உடைந்தவற்றைப் பல அலுவலகங்கள் பழைய சாமான் ஏலத்தில் கிலோக் கணக்கில் தள்ளிவிட்டன. பாரிஸிலும் நியூயார்க்கிலும் அவை லட்சக்கணக்கில் விலைபோன பிறகு, 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது.

ஒரு துறையின் வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் கிடைத்தன. புனேக்காரி ஒன்றைக் கவிழ்த்தாள். பின்கட்டையில் வெள்ளைச் சாயத்தில் துறையின் சுருக்கெழுத்தும் இருப்பு எண்ணும், ஏதோ ஒரு எழுத்தர் கோணலாக எழுதியது. அவள் கைபேசியில் ஒரு வெளிநாட்டு ஏலப் பட்டியலைத் திறந்து காட்டினாள். நாற்காலியின் முழுப் படத்துக்கு அடுத்த படம் இதே போன்ற வெள்ளை எழுத்துதான். அசல் என்பதற்கு அதுவே சான்று, எழுத்து இருந்தால் விலை ஏறுகிறது. அவள் கட்டுரைக்கும் என் கட்டுரைக்கும் பொதுவான ஒரே ஆள் இந்த எழுத்தர். இருப்புப் பதிவேடுகளைப் பார்க்க எழுத்து மூலம் அனுமதி கேட்டு இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பதில் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கட்டுரை ஐந்து வாரத்தில் முடிய வேண்டும்.